16 மணி நேரம் பட்டினி கிடக்கலாமா டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். கோபிசெட்டிபாளையம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். வயசு 44, உயரம் 157 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. போன மாசம் செக்கப் பண்ணினப்ப சுகரோட சராசரிய காட்டற எச்பிஏ1சி டெஸ்ட் 6.0, ஹீமோகுளோபின் 10.2, ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு 1ன்னு வந்துச்சு. தைராய்டுக்கு காலைல காபியோட ஒரு மாத்திரை போடறேன். எங்க ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு பேர் 16:8 விரதம்னு, அதாவது 16 மணி நேரம் பட்டினி, மீதி 8 மணி நேரத்துக்குள்ள சாப்பாடு, காலைல சாப்பிடாம மதியத்துல இருந்துதான் சாப்பிடறாங்க, நல்லா இளைச்சிருக்காங்க. செல் எல்லாம் தானா சுத்தமாயிடும், கேன்சர் கூட வராதுங்கறாங்க. இன்னொரு டீச்சர் அப்படி இருந்தா ஹார்ட்டுக்கு ஆபத்துன்னு நியூஸ்ல வந்துச்சேன்னு பயமுறுத்தறாங்க. எனக்கு பசி வந்தா தலைவலி, நெஞ்செரிச்சல் ரெண்டும் வரும். நான் இருக்கலாமா? வீட்டுக்காரருக்கு 51 வயசு, அஞ்சு வருஷமா சுகர், கிளிமெப்ரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ரெண்டு வேளை போடறார். அவரும் என்கூட இருக்கறேங்கறார். 16 வயசு பொண்ணும் கூடவே கிளம்பிட்டா. மாமியாருக்கு 70 வயசு, கிருத்திகை தவறாம விரதம் இருப்பாங்க, அன்னிக்கு பிபி மாத்திரையும் போட மாட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே நமக்கு என்ன ஆயிடப் போகுதுன்னு வீட்ல பேச்சு. என் சாப்பாட்டு நேரம்: 5.30 காபி, 7.45 டிபன், 12.40 மதியச் சாப்பாடு, 4.30க்கு டீயும் ஏதாவது பலகாரமும், ராத்திரி 9.30க்கு சாப்பாடு, 10.30க்கு படுக்கும்போது ஒரு டம்ளர் பால்.

பதில்:

வணக்கம்ங்க டீச்சர். சாப்பிடற நேரத்த எல்லாம் மணி போட்டு எழுதினதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும், பாதிப் பதில் அதுலயே கிடைச்சிருச்சு. ஆனா அதுக்கு முன்னாடி வீட்டுக்காரர் விஷயம், ஏன்னா நீங்க கேட்டதுல உடனடி ஆபத்து இருக்கறது அது ஒண்ணுலதான். நாளைக்கே ஆரம்பிக்கறதா இருந்தா அவர நிறுத்தி வைங்க, ஒரு பத்து நாள் தள்ளிப் போட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது.

ஏன் சொல்றேன்னா கிளிமெப்ரைடுங்கறது கணையத்த உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கற மாத்திரை, அவர் சாப்பிட்டாரா பட்டினி கிடக்கறாரான்னு எல்லாம் அதுக்குத் தெரியாது, போட்டா அது பாட்டுக்கு வேலை செய்யும். காலைல மாத்திரைய போட்டுட்டு டிபன் சாப்பிடாம வண்டிய எடுத்துட்டுக் கிளம்பினார்னா பத்து பதினொரு மணிக்கு சுகர் 70க்குக் கீழ போயிடலாம், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அதுக்கும் கீழ போச்சுன்னா பேச்சே குழறும், பவானி ரோட்ல டூவீலர்ல போயிட்டு இருக்கறப்ப இது வந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. மெட்ஃபார்மின் தனியா போடறவங்களுக்கு இந்த பயம் ரொம்பக் கம்மி, அதனாலதான் "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சுகரோடயே விரதம் இருக்கார், அவருக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு பேச்சு வரும், அவர் என்ன மாத்திரை போடறார்ங்கறத யாரும் கேக்க மாட்டாங்க.

இத வெறும் பயமுறுத்தலா எடுத்துக்காதீங்க. ரமலான் நோன்பு வைக்கற சுகர்காரங்க 12,000 பேருக்கு மேல, 13 நாட்டுல, 2001ல ஒரு பெரிய ஆய்வு பண்ணினாங்க. டைப் 2 சுகர்காரங்களுக்கு கடுமையான லோ சுகர் மத்த மாசத்த விட ஏழரை மடங்கு கூடியிருந்துச்சு. மொத்தத்துல பாத்தா அது வந்தவங்க கொஞ்சம் பேர்தான், ஆனா வராம தடுத்திருக்கக் கூடிய விஷயம். அதனாலதான் இப்ப விவரமான முஸ்லிம் குடும்பங்கள்ல நோன்புக்கு ஒரு மாசம் ஒன்றரை மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போய் டோஸ் மாத்தி எழுதி வாங்கிக்கறாங்க, காலை டோஸ நோன்பு திறக்கற நேரத்துக்கு மாத்துவாங்க, விடியறதுக்கு முன்னாடி சாப்பிடற சஹருக்குப் போடறத குறைப்பாங்க, பகல்லயே குளுக்கோமீட்டர்ல குத்திப் பாத்துக்குவாங்க, சுகர் இறங்கினா நோன்ப முறிச்சுடணும்ங்கறதயும் முன்னாடியே பேசி வெச்சுக்குவாங்க. நம்ம ஆளுங்க யூடியூப் பாத்துட்டு திங்கக்கிழமை ஆரம்பிச்சுடறாங்க.

அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மாத்திரை அட்டைய எடுத்துட்டுப் போய் அவர் டாக்டர்கிட்ட "சாப்பாட்டு நேரத்த மாத்தப் போறேன், இத எப்படி மாத்தணும்"னு கேக்கணும், தானா நிறுத்தவும் கூடாது. அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு ஃப்ளோசின்ல முடியற பேர் ஏதாவது இருக்கான்னும் பாத்துருங்க, இருந்தா நீண்ட பட்டினி வேண்டவே வேண்டாம், சுகர் நார்மல் கிட்ட காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறிப் போற ஒரு நிலைமை அதுல வரலாம், வாந்தி மூச்சுத்திணறல்னு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிடும். பைல எப்பவும் குளுக்கோஸோ சக்கரையோ இருக்கட்டும், நடுக்கம் வந்தா மூணு ஸ்பூன் தண்ணில கரைச்சுக் குடிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக் பண்ணணும்.

அவருக்கு நல்ல சேதியும் ஒண்ணு இருக்கு. பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல வெளியாச்சு, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க 306 பேர். அதுல பாதிப் பேருக்கு மூணுல இருந்து அஞ்சு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு 850 கலோரி போலதான் சாப்பாடு, மாத்திரைய டாக்டருங்களே நிறுத்தினாங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா அந்தப் பாதில 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள இருந்துச்சு, 15 கிலோவுக்கு மேல இளைச்சவங்கள்ல பத்துக்கு எட்டு பேருக்கும் மேல. அது விரதம் இல்ல, டாக்டர் மேற்பார்வைல நடந்த டயட், வீட்ல தானா பண்ற விஷயமும் இல்ல. ஆனா அஞ்சு வருஷ சுகருக்கு எடைய நல்லா குறைச்சா பின்னாடி போக சான்ஸ் இருக்குன்னு அவருக்குத் தெரியணும், மாத்திரைய சரி பண்ணிட்டு ஒழுங்கா ஆரம்பிச்சா உங்கள விட அவருக்குத்தான் லாபம் அதிகம்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். காலைல 5.30ல இருந்து ராத்திரி 10.30 வரைக்கும், 17 மணி நேரம் ஏதாவது ஒண்ணு வயித்துக்குள்ள போயிட்டே இருக்கு, வெறும் 7 மணி நேரம்தான் லீவு. அதுவும் தூங்கற நேரம். நீங்க ஒருத்தர்னு இல்ல, என்கிட்ட வர்ற நாப்பது தாண்டின பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல இந்தக் கதைதான். 157 சென்டிமீட்டருக்கு 71 கிலோன்னா பிஎம்ஐ, அதாவது உயரத்தோட எடைய ஒப்பிட்டுப் பாக்கற கணக்கு, 28.8 வருது, நம்ம ஊர்க்காரங்களுக்கு 25லயே உடல் பருமன் கணக்கு ஆரம்பிச்சுடும். எச்பிஏ1சி 6.0ன்னா சுகருக்கு முந்தின கட்டம், 5.7ல ஆரம்பிச்சு 6.4 வரைக்கும் அந்தக் கட்டம்தான், 6.5 தொட்டா சுகர். ஈரல்ல கொழுப்பு. மூணும் தனித்தனி வியாதி இல்லீங்க, ஒரே விஷயம் மூணு ரிப்போர்ட்ல மூணு பேர்ல வந்திருக்கு. அதனால சாப்பாட்டுக்கு நடுவுல இடைவெளி விடற எந்த முறையும் உங்களுக்கு நல்லதுதான், இருக்கலாமான்னு கேட்டீங்கன்னா தாராளமா இருக்கலாம். எந்த நேரத்துல இருக்கறீங்கங்கறதுலதான் ஸ்டாஃப் ரூம் டீச்சருங்களோட நான் ஒத்துப் போகல.

உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், ஏறி இருக்கற வரைக்கும் உடம்பு சேத்து வைக்கற வேலைய பாக்கும், கொழுப்ப எடுத்து எரிக்கற வேலை நடக்காது. ஈரல்ல சுமார் 100 கிராம் மாவுச்சத்து சேமிப்பா இருக்கும், சாப்பிடாத நேரத்துல அதுதான் ரத்தத்துக்கு சக்கரை குடுத்துட்டு இருக்கும், 12 மணி நேரம் தாண்டி அது கரையக் கரைய உடம்பு கொழுப்பு பக்கம் திரும்பும். சாயங்காலம் பலகாரம், ராத்திரி சாப்பாடு, மேல ஒரு டம்ளர் பால்னு விடாம போயிட்டே இருந்தா இந்தத் திருப்பத்துக்கு நேரமே கிடைக்காது.

ராத்திரில இன்னொரு சங்கதி இருக்கு. இருட்டினதும் தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்க ஆரம்பிக்குது, அது கணையத்த கொஞ்சம் அடக்கி வைக்கும், உடம்பும் இன்சுலினுக்கு காலைல கேக்கற அளவு ராத்திரி கேக்காது. அதனால காலைல சாப்பிடற ரெண்டு தோசைய விட ராத்திரி 9.30க்கு சாப்பிடற அதே ரெண்டு தோசை சுகர கூடுதலா ஏத்தும். காலை டிபன விட்டுட்டு மதியம் 12.40ல இருந்து ராத்திரி 8.40 வரைக்கும் சாப்பிடறேன்னா உடம்பு நல்லா வேலை செய்யற நேரத்துல பட்டினி போட்டுட்டு மந்தமா இருக்கற நேரத்துல விருந்து வைக்கற மாதிரி ஆயிடுது.

அமெரிக்கால இந்த ரெண்டு விதமும் டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க. மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் மட்டும் சாப்பிட்டவங்கள 12 வாரம் கவனிச்சாங்க, 116 பேர், 2020ல வந்த ரிசல்ட். மூணு வேளையும் சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் எடைல பெரிய வித்தியாசமே இல்ல, ஒரு கிலோ கூட முழுசா இறங்கல, இறங்கினதுலயும் சதை கணிசமா போயிருந்துச்சு. இன்னொண்ணு 2018ல வந்தது, உங்கள மாதிரியே சுகருக்கு முந்தின கட்டத்துல இருந்த ஆம்பளைங்க எட்டே பேர், சாயங்காலம் 3 மணிக்குள்ள கடைசி சாப்பாட முடிச்சுடணும், அஞ்சு வாரம். எடை குறையாம பாத்துக்கிட்டே பண்ணினாங்க, அப்படியும் இன்சுலின் வேலை செய்யறது நல்லா ஆச்சு, பிபி இறங்குச்சு, சாயங்காலப் பசியே குறைஞ்சுச்சு. எட்டு பேர வெச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாது, 3 மணிக்கு ராத்திரி சாப்பாடுங்கறது நம்ம வீட்ல எல்லாம் நடக்கற காரியமும் இல்ல. ஆனா எந்தப் பக்கம் நகரணும்னு வழி காட்டுது, முன்பக்கமா நகரணும்.

சரி, நேரத்த முன்னாடி நகத்தினா மட்டும் கிலோ கிலோவா போயிடுமா? போகாது. சீனால குவாங்ஜோல ஒரு வருஷம் நடந்த ஆய்வு 2022ல வந்துச்சு, குண்டா இருந்த 139 பேர், எல்லாருக்குமே கலோரி குறைச்சாங்க, அதுல பாதிப் பேர் காலைல 8ல இருந்து சாயங்காலம் 4க்குள்ள மட்டும் சாப்பிட்டாங்க. நேரக் கட்டுப்பாடு இருந்தவங்க சராசரியா 8 கிலோ, இல்லாதவங்க 6.3 கிலோ இளைச்சாங்க, அந்த வித்தியாசத்த கணக்குல பெருசா எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க. அதாவது எடைய குறைக்கறது கம்மியா சாப்பிடறதுதான், கடிகாரம் அதுக்கு ஒரு ஒத்தாசை. கலோரி எண்ணி, அளந்து, ஆப்ல எழுதி வெச்சு சாப்பிட எல்லாருக்கும் முடியாது, "ஏழு மணிக்கு மேல வாய்ல ஒண்ணும் வைக்க மாட்டேன்"னா யாருக்கும் புரியும், எழுத்தறிவு கூட வேண்டாம். இந்த முறையோட பெரிய பலமா நான் நினைக்கறது இந்த எளிமையத்தான். சக்கரை போட்ட ஒரு டம்ளர் பாலுலயே 170 கலோரி போல இருக்கு, அது ஒண்ணு நின்னாலே உங்களுக்கு லாபம்.

அதே மாதிரி நம்ம விரதங்கள்லயும் ஒரு கூத்து நடக்குது. சாதம் மட்டும் சாப்பிடாம உப்புமா, வடை, பாயசம், நெய் சொட்டற ஜவ்வரிசி கிச்சடின்னு மத்த நாள விட அதிகமா உள்ள போகும், கேட்டா சனிக்கிழமை விரதம்பாங்க. சாமி ஏத்துக்கும், ஈரல் ஏத்துக்காது.

செல் சுத்தமாகறது பத்தி கேட்டீங்க. அது பொய் இல்ல, ஆனா ஊதிப் பெருசாக்கினது. செல்லுக்குள்ள பழசானத, கெட்டுப் போனத செல்லே உடைச்சு மறுபடி உபயோகப்படுத்திக்கற வேலைக்கு ஆட்டோஃபேஜின்னு பேரு, அது எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்ச ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016ல நோபல் குடுத்தாங்க. அவர் ஆராய்ச்சி பண்ணினது பேக்கரில பன்னு உப்பறதுக்குப் போடற ஈஸ்ட்டுல, அத பட்டினி போட்டுப் பாத்துத்தான் கண்டுபிடிச்சார். மனுஷ உடம்புல இந்த வேலை எப்பவுமே கொஞ்சம் நடந்துட்டுத்தான் இருக்கு, சாப்பிடாதப்ப கூடவும் செய்யும், ஆனா 16வது மணி நேரத்துல சுவிட்ச் போட்ட மாதிரி ஆரம்பிக்கும்னு சொல்றதுக்கு ஆதாரம் கிடையாது. கேன்சர் வராது, வந்தா போயிடும்னு சொல்றது அதவிட மோசம், கீமோ எடுக்கறவங்க யாராவது இத நம்பி பட்டினி கிடந்தா எடை குறைஞ்சு சிகிச்சைய தாங்க முடியாம போயிடும். ஸ்டாஃப் ரூம்ல இத மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிடுங்க.

ஹார்ட் நியூஸும் பாதி உண்மைதான். 2024 மார்ச்ல அமெரிக்கால ஒரு மருத்துவ மாநாட்டுல படிச்ச ஆராய்ச்சி அது, 20,000 பேரோட பழைய தகவல எடுத்துப் பாத்ததுல 8 மணி நேரத்துக்குள்ள சாப்பிடறதா சொன்னவங்களுக்கு இதய நோய்ல சாவு அதிகமா இருந்துச்சுன்னாங்க. ஆனா அவங்க எப்ப சாப்பிட்டாங்கன்னு கேட்டது ரெண்டே ரெண்டு நாளைக்கு, அத வெச்சு வருஷக்கணக்கா அப்படித்தான் சாப்பிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டாங்க. வேலை இல்லாதவங்க, தனியா இருக்கறவங்க, சிகரெட் பிடிக்கறவங்க, உடம்பு முடியாம பசி செத்தவங்க எல்லாம் கூட குறைஞ்ச நேரத்துலதான் சாப்பிடுவாங்க, அதனால விரதம்தான் கொன்னுச்சுன்னு அதுல இருந்து சொல்ல முடியாது. பயப்பட வேண்டாம், அதுக்காக 18, 20 மணி நேரம்னு போட்டி போட்டு ஏத்திட்டுப் போகவும் வேண்டாம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. முதல் ரெண்டு மூணு வாரம் காலை டிபன தொடாதீங்க, ராத்திரிய மட்டும் மாத்துங்க. 7 மணிக்கு சாப்பாட முடிச்சுடுங்க, அதுக்கப்புறம் தண்ணி மட்டும், பால் கிடையாது. காலை 5.30 காபிய டிபனோட சேத்து 7.45க்குக் கொண்டு போயிடுங்க, அவ்வளவுதான், பன்னண்டே முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு, ஒரு வேளையையும் விடாமலே. அது உடம்புக்குப் பழகி நல்லா இருக்குன்னு தோணினா வாரத்துல ரெண்டு மூணு நாள் காலை டிபன டப்பால போட்டுட்டுப் போய் பத்தே முக்கால் இன்டர்வெல்ல சாப்பிடுங்க, கிட்டத்தட்ட 16 மணி நேரம் வந்துடும், பசங்க கேன்டீனுக்கு ஓடற நேரத்துல நீங்க டப்பாவ திறங்க. தினமும் அப்படி இருக்கணும்னு அவசியமே இல்ல.

9.30 சாப்பாடு எதனால வருதுன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் வரணும், பொண்ணு டியூஷன் முடிச்சு வரணும், எல்லாருக்கும் தோசை சுட்டு முடிச்சு கடைசியா நீங்க உக்காரணும், சட்டில மிச்சம் இருக்கறது வீணாப் போகுதேன்னு அதையும் சேத்து. இதுல மாத்திரை மருந்து எல்லாம் ஒண்ணும் பண்ண முடியாது, 7 மணிக்கு நீங்க முதல்ல சாப்பிட்டுடணும், மத்தவங்க வந்தா ஹாட்பாக்ஸ்ல எடுத்துப் போட்டுக்கணும், மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகணும். வீட்ல முதல்ல பொம்பளை சாப்பிடறதான்னு மாமியார் ஒரு மாதிரி பாத்தா டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்னு சொல்லிடுங்க. இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா என் அனுபவத்துல இந்த ஒரு விஷயம் நடக்காத வீட்ல விரதம் ரெண்டாவது வாரம் தாண்டறதே இல்ல.

சாப்பிடற நேரத்துல என்ன சாப்பிடறீங்கங்கறதும் முக்கியம், இல்லைன்னா கொழுப்போட சேந்து சதையும் கரையும். உங்க எடைக்கு ஒரு நாளைக்கு 55, 60 கிராம் புரதம் வேணும், ரெண்டு இட்லி சாம்பார்ல அது வராது. உங்க ஊர்ல கொள்ளும் தட்டப்பயறும் இல்லாத வீடு கிடையாது, கொள்ளுப்பருப்பு, சுண்டல், முட்டை, தயிர், வாரத்துல ரெண்டு நாள் மீனோ கோழியோ. அரிசிம்பருப்பு செஞ்சா பருப்ப தாராளமா போட்டு அரிசிய குறைங்க. விரதத்த பஜ்ஜி போண்டால முடிக்காதீங்க. 4.30 டீ இருக்கட்டும், கூட வறுத்த கடலை ஒரு கைப்பிடி.

தலைவலி முதல் வாரம் வரத்தான் செய்யும், பெரும்பாலும் ரெண்டு காரணம், ஒண்ணு காபி நேரம் தள்ளிப் போறது, ரெண்டு தண்ணி போதாதது. டீச்சருங்க பாத்ரூம் போக முடியாதேன்னு தண்ணியே குடிக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும், குடிங்க. சக்கரை, பால் இல்லாத கட்டங்காபி காலைல குடிச்சா விரதம் கெடாது, பால் காபி குடிச்சா கெட்டுடும். நெஞ்செரிச்சல் உங்களுக்கு கூடறத விட குறையறதுக்குத்தான் சான்ஸ் அதிகம், 9.30க்கு சாப்பிட்டு 10.30க்கு பாலையும் குடிச்சுட்டுப் படுத்தா அமிலம் மேல ஏறாம என்ன பண்ணும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரம் இருந்தாலே நிறையப் பேருக்கு இது அடங்கிடும், தூக்கமும் நல்லா வரும், காலைல எந்திரிக்கும்போது வயிறு லேசா இருக்கும், முதல்ல உங்களுக்குத் தெரியப் போற பலன் எடை இல்ல, இதுதான். வலி மாத்திரைய மட்டும் வெறும் வயித்துல போட்டுடாதீங்க. சிலருக்கு பசில எரிச்சலும் கோவமும்தான் வரும், பசங்க மேல எரிஞ்சு விழற அளவுக்குப் போனா 12 மணி நேரத்தோட நிறுத்திக்கங்க.

நீங்க கேக்காத ரெண்டு விஷயம். ஹீமோகுளோபின் 10.2, இது 12க்கு மேல இருக்கணும், ரத்தசோகைல இருந்துட்டு தலைவலி கிறுகிறுப்புக்கு எல்லாம் விரதத்த குறை சொல்லிட்டு இருப்பீங்க, மாதவிடாய்ல ரத்தம் அதிகம் போகுதான்னு பாத்து இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பிச்சாகணும். தைராய்டு மாத்திரைய காபியோட போடறது வீண், காபி அத உடம்புல சேர விடாது. எந்திரிச்சதும் தண்ணில போட்டுட்டு குறைஞ்சது அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் வேற ஒண்ணும் வேண்டாம், இப்ப காபி 7.45க்குப் போயிட்டதால அது தானா சரியாயிடுது. இரும்பு மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவுல நாலு மணி நேரம் விடுங்க, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா சிக்கல் இல்ல.

மூணு மாசம் கழிச்சு எச்பிஏ1சி திரும்ப எடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்து பிரயோஜனம் இல்ல, அது ரெண்டு மூணு மாசத்தோட சராசரிய காட்டறது. மூணரை கிலோ இறங்கினாலே ஈரல் கொழுப்பு குறைய ஆரம்பிச்சுடும். இடுப்ப டேப் வெச்சு அளந்து எழுதி வைங்க, 80 சென்டிமீட்டர் நோக்கிப் போகணும். வாரத்துக்கு வாரம் எடை மெஷின்ல ஏறி மனச கஷ்டப்படுத்திக்க வேண்டாம்.

பொண்ணுக்கு வேண்டாம். 16 வயசுல எலும்பு இன்னும் பலமாயிட்டு இருக்கற காலம், பீரியட்ஸ் ஒழுங்குக்கு வர்ற காலம், பிளஸ் ஒன் படிப்பு வேற. ராத்திரி சீக்கிரம் சாப்பிடறது அவளுக்கும் நல்லதுதான், ஆனா மணி கணக்கு பாத்து பட்டினி கிடக்கறது இந்த வயசுல சில பிள்ளைங்கள சாப்பாட்டையே வெறுக்கற நிலைமைக்குக் கொண்டு போயிடும். அவ ஏன் இருக்கணும்னு நினைக்கறாங்கறத மெதுவா கேளுங்க, வீட்ல யாராவது குண்டுன்னு கிண்டல் பண்றாங்கன்னா அத முதல்ல நிறுத்தணும். இத படிக்கற மத்தவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன், கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, ஏற்கனவே ஒல்லியா இருக்கறவங்க, அல்சர், கிட்னி பிரச்சனை, இன்சுலின் போடறவங்க யாரும் டாக்டர கேக்காம இறங்காதீங்க.

மாமியாரோட கிருத்திகைய நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒரு நாள் விரதத்தால கொழுப்பும் கரையாது, கெடுதலும் பெருசா இல்ல, அவங்களுக்கு அது மனசுக்கான விஷயம், நல்லா இருக்கட்டும். ஆனா 70 வயசுல தண்ணி குடிக்காம மட்டும் இருக்கக் கூடாது, கிறுகிறுன்னு வந்து கோயில் படில விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா அதுல இருந்து எழுப்பறது பெரும்பாடு. பிபி மாத்திரைய அன்னிக்கு மட்டும் விடறதும் தப்பு, ஒரு வாய் தண்ணில போட்டுக்கட்டும். அதுல சிறுநீர் அதிகம் போக வைக்கற வகை இருக்கான்னு மட்டும் அவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, இருந்தா விரதத்தன்னிக்கு அத எப்படிப் போடணும்னு அவர் சொல்வார். ஐப்பசில கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி இருப்பேன்னு அடம் பிடிச்சா ஒத்துக்காதீங்க, ராத்திரி ஒரு வேளை பருப்பு போட்ட கஞ்சியாவது குடிக்கணும். மாத்திரை போட்டா விரதம் கெட்டுடும்னு சொன்னாங்கன்னா அவங்க கும்பிடற கோயில் குருக்கள்கிட்டயே கேக்கச் சொல்லுங்க, போடாதேன்னு அவர் சொல்ல மாட்டார்.